கொதிக்காத ரத்தக் கொதிப்பு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

உயர் ரத்த அழுத்தம் குறித்த கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு சொற்களில் ஒன்றையே கேட்டிருந்தன. ஆகவே அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. கடைத்தெருவில் நடந்த இலவச முகாமில் பார்த்தபோது பிரஷர் 156/98 என்றார்கள். மறுபடி இரண்டு முறை பார்த்தும் ஏறக்குறைய அதே அளவு இருந்ததால், மருத்துவர் டெல்மிசார்டான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் 126/80 ஆகிவிட்டது. எனக்குத் தலைவலி, தலைசுற்றல், படபடப்பு என்று எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். தவறா, டாக்டர்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்குப் பாதிக் காரணம் இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்பேன். ‘ரத்தக் கொதிப்பு’ என்றதும், உடம்பு சூடேறும், முகம் சிவக்கும், கோபம் வரும், தலை கிறுகிறுக்கும் என்று மனம் தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. உண்மையில் இங்கே எதுவும் கொதிப்பதில்லை. ரத்தம் செல்லும்போது தமனிகளின் சுவர்மீது செலுத்தும் விசை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவே. அந்த விசையை உணர்ந்து நமக்குச் சொல்லும் நரம்பு எதுவும் உடம்பில் இல்லை. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை அறியும் உணர்விகள் உண்டு. ஆனால் அவை மூளையின் அடிப்பகுதியோடு மட்டும் பேசுகின்றன, நம்மோடு பேசுவதில்லை. போதாக்குறைக்கு, அழுத்தம் பல மாதங்கள் உயர்ந்தே இருந்தால் அந்த உயர்ந்த அளவையே இயல்பு என்று அவை ஏற்றுக்கொண்டும் விடுகின்றன.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தேவைக்கு மேற்பட்ட விசை என்றால், பத்து ஆண்டுகளில் இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்துப்போகும்; சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறும்; மூளைக்குள் செல்லும் மயிரிழை போன்ற தமனிகள் இறுகி அடைபடும் அல்லது பலவீனப்பட்டு வெடிக்கும்; விழித்திரையில் கசிவு தோன்றும். இவை யாவும் வலியின்றியே நடப்பவை. கடைசியில் வரும் பக்கவாதத்தையோ மாரடைப்பையோதான் நோயாளி ‘திடீரென்று வந்தது’ என்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இதய மருத்துவர் பரிசோதித்தபோது அவருடைய அழுத்தம் 186/108 இருந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி அவர் காலடியில் இருந்தும், ஓய்வு, உப்புக் குறைப்பு, இதயத்துக்கு டிஜிடாலிஸ் என்பதற்குமேல் அன்று கொடுப்பதற்கு உருப்படியான மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று பின்மண்டையில் கடுமையான வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்தது 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அந்தக் காலத்தில், குறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் உடம்புக்கு ‘அவசியம்’ என்றே மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். காரணம் தெரியாத உயர் அழுத்தத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘எசென்ஷியல்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கையின் மிச்சம். 1967-இல் எட்வர்ட் பிரீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 143 பேரிடம் செய்த ஆய்வுதான், மாத்திரை கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் இந்த விபத்துகள் குறைகின்றன என்பதை ஐயமின்றிக் காட்டியது. இரண்டு ஆண்டுகள்கூட ஆவதற்குள், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைக்க முடியாததாகிவிட்டது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை உங்கள் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. அதை நீங்கள் நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் 126/80 என்பது மாத்திரை சாப்பிட்ட உடம்பின் அளவு. கூரையில் ஓடு மாற்றியபின் வீடு ஒழுகவில்லை என்றால், அந்த ஓடுகளை எடுத்துவிடலாம் என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா? நாளையே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். எடை கணிசமாகக் குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, நாள்தோறும் நடக்கும் பழக்கமும் வந்தவர்கள் சிலருக்கு மாத்திரையின் அளவைக் குறைப்பதும், அரிதாக நிறுத்துவதும் உண்டு. அது மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக நடக்கவேண்டிய காரியம்.

கேள்வி: மருத்துவமனையில் பார்த்தால் 158/94 என்கிறார்கள். வீட்டில் டிஜிட்டல் கருவியில் பார்த்தால் 130/82-ஐத் தாண்டுவதில்லை. எது உண்மை? மாத்திரை தொடங்க வேண்டுமா?
– காரைக்குடி வாசகி, பள்ளி ஆசிரியை

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். மருத்துவமனைச் சூழலில் மட்டும் அழுத்தம் ஏறுவதை ‘வெள்ளைக் கோட்டு உயர் அழுத்தம்’ என்போம். அதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் இயல்பாகவும் வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்ந்தும் இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய நிலைதான் அதிக ஆபத்தானது, ஏனெனில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் உங்களுக்கு இருப்பது வெள்ளைக் கோட்டு உயர் அழுத்தம்தான் என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால், அளந்த முறை சரிதானா என்று பார்க்கவேண்டும். நம் வெளிநோயாளர் பிரிவுகளில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்திலிருந்து இறங்கி, மாடிப்படி ஏறி, சீட்டுக்காக நின்று, பெயர் கூப்பிட்டதும் விரைந்து வந்து, சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்ந்தவுடன் கைப்பட்டையைச் சுற்றிவிடுகிறோம். காற்றேறும்போதே ‘சுகர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க’ என்று கேட்கிறோம். அவரும் பதில் சொல்கிறார். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் அளந்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்தச் சூழலில் கிடைக்கும் எண்ணை வைத்து வாழ்நாள் மாத்திரை எழுதுவது நியாயமில்லை.

சரியான முறை இதுதான். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், புகை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. நிறைந்த சிறுநீர்ப்பை ஒன்றே அழுத்தத்தை ஏற்றிவிடும். முதுகு சாய்ந்து, பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை மேசைமேல், இதயத்தின் மட்டத்தில் இருக்கவேண்டும். கை கீழே தொங்கினால் எண் கூடும். சட்டைக் கையை இறுக்கமாக மடித்துவிட்டு அதற்குமேல் பட்டையைக் கட்டக்கூடாது. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். ஆகவே கருவி வாங்கும்போது உங்கள் மேற்கையின் சுற்றளவை அளந்து, அதற்கேற்ற பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. முதன்முறை இரு கைகளிலும் அளந்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடர்ந்து அளக்க வேண்டும்.

ஏழு நாள்கள், காலையில் இரண்டு முறையும் மாலையில் இரண்டு முறையும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு அளந்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்; பிடிக்காத எண்ணை விட்டுவிடக்கூடாது. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தால், அது 135/85-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கலாம். மருத்துவமனையில் 140/90 என்பதற்கு வீட்டில் இணையான எல்லை அதுதான். (அமெரிக்க இதயநோய்ச் சங்கங்கள் 2017-இல் எல்லையை 130/80 என்று இறக்கின, நம் நாட்டில் நோயென்று முடிவுசெய்ய இன்னும் 140/90-ஐயே பெரும்பாலும் பின்பற்றுகிறோம்.) ஐயம் தீரவில்லை என்றால், உறக்கத்திலும் அளந்துகொண்டே இருக்கும் 24 மணி நேரக் கருவியைக் கட்டிப் பார்க்கலாம். வீட்டு அளவு இயல்புதான் என்று உறுதியானால் இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாமல் போகலாம்; ஆனால் இப்படிப்பட்டவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் நிலையான உயர் அழுத்தம் வருவதால், ஆண்டுக்கொரு முறையேனும் இந்த ஒரு வாரக் கணக்கை மீண்டும் எடுக்கவேண்டும்.

கேள்வி: பிரஷர் என்று தெரிந்த நாளிலிருந்து சாதாரண உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். பிறகும் அளவு குறையவில்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்கலாமா?
– மதுரை வாசகி

பதில்: இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் வேறே தவிர, ரத்தக்குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அதையும் இழக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது. அந்தக் கணக்கில் காலை இட்லி மாவின் உப்பும், சாம்பார், ரசம், பொரியல், மோர் ஆகியவற்றின் உப்பும் அடக்கம். ‘நான் உப்பே சேர்ப்பதில்லை’ என்பவரின் தட்டைப் பார்த்தால் ஓரத்தில் மாவடு, நடுவில் அப்பளம், தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய், ஞாயிற்றுக்கிழமை கருவாடு. இவை ஒவ்வொன்றும் உப்பில் ஊறியோ உப்பில் உலர்ந்தோ வந்தவை. குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதில் பயன் இல்லை. என் அனுபவத்தில், ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பாக்கெட் மிக்சர் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் என்பதிலிருந்து விசேஷ நாள் என்பதற்கு மாற்றியவர்கள், சமையல் ருசியை அதிகம் இழக்காமலேயே பலன் கண்டிருக்கிறார்கள். உப்புக் குறைந்த சமையலுக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனாவின் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் செய்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆகவே இது வெறும் விளம்பரம் அல்ல. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பையே குலைத்துவிடக்கூடும். டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஓரளவு ஏற்றுபவையே. ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்து, மருத்துவர் சரி என்றபின் வாங்குங்கள். இதே எச்சரிக்கை, பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினமும் குடிப்பவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: அம்லோடிபின் சாப்பிட்டதில் கணுக்கால் வீங்குகிறது. அதை மாற்றி ராமிப்ரில் கொடுத்தார்கள். இரவெல்லாம் வறட்டு இருமல். எனக்கு ஒத்துவரும் மாத்திரையே இல்லையா?
– சேலம் வாசகர்

பதில்: இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டும் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். அம்லோடிபின் நுண்தமனிகளைத் தளர்த்துவதால் கணுக்காலில் நீர் கசிந்து தங்குகிறது. இது சிறுநீரகம் கெட்டுவிட்டதன் அடையாளம் அன்று. அளவைப் பாதியாக்கினாலோ, கூடவே டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்த்தாலோ பெரும்பாலும் வீக்கம் வடியும். சிறுநீர் பிரியும் மாத்திரையைச் சேர்ப்பதில் இந்த வீக்கத்துக்கு அவ்வளவு பயன் இல்லை. ராமிப்ரில் வகையின் இருமல், பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் கூடுவதால் வருவது. இருமல் மருந்து எத்தனை புட்டி குடித்தாலும் நிற்காது, மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். சுவையான செய்தி என்னவென்றால், இந்த வகை மருந்தின் மூலமே பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சுதான். பிராடிகைனினின் விளைவை அந்த நஞ்சு பெருக்குகிறது என்று செர்ஜியோ பெரைரா 1960-களில் கண்டார். அந்த வழியே சென்றுதான் இவ்வகையில் வாயால் உண்ணத்தக்க முதல் மாத்திரையான கேப்டோப்ரில் பிறந்தது. உங்களுக்கு இருமலைத் தருவதும் அதே பிராடிகைனின்தான்.

டெல்மிசார்டான், லோசார்டான் வகைக்கு இந்த இருமல் அநேகமாக இல்லை. குளோர்தாலிடோன், இன்டபமைடு போன்ற, சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் மாத்திரைகளும் உள்ளன. மருத்துவரிடம் இரண்டு பக்கவிளைவுகளையும் சொல்லி மாற்றிக் கேளுங்கள். ஒரே மாத்திரையை முழு அளவில் கொடுப்பதைவிட, இருவகை மாத்திரைகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுப்பது பலருக்கு நல்ல கட்டுப்பாட்டையும் குறைந்த தொல்லையையும் தருகிறது.

இந்த இடத்தில், கடிதம் எழுதாத வாசகியருக்கும் ஒரு சொல். ‘ப்ரில்’, ‘சார்டான்’ என்று முடியும் மாத்திரைகள் கர்ப்பக் காலத்தில் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி, லேபெடலால் போன்ற பாதுகாப்பான மாத்திரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்ப்பகந்தி வேர்ப்பொடி சாப்பிட்டால் ஆங்கில மாத்திரை வேண்டாம் என்கிறார்களே?
– விருதுநகர் வாசகர்

பதில்: சர்ப்பகந்தி வேலை செய்யும் மூலிகைதான். மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைத் தம் நோயாளிகளிடம் பயன்படுத்திக் கண்டதை 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டபிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்துச் சத்து பிரிக்கப்பட்டது. மேலே நான் சொன்ன 1967 ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துகளில் அதுவும் ஒன்று. அதை நாங்கள் ஒதுக்கியது அந்நிய மோகத்தால் அன்று; மனச்சோர்வு, மந்தம், மூக்கடைப்பு ஆகிய தொல்லைகள் இல்லாத நல்ல மருந்துகள் பிறகு வந்துவிட்டதால்தான். பொடியில் மருந்துச் சத்து எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இன்னொன்று: தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை நாள்தோறும் மெல்பவர்களுக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். மூட்டுவலிக்கு நீங்களே வாங்கிச் சாப்பிடும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றுபவைதாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. மேல் அளவு 168, கீழ் அளவு 72. ‘இந்த வயதுக்கு இது சகஜம், மாத்திரை கொடுத்து மயங்கி விழவைக்காதீர்கள்’ என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: வயதாக ஆகப் பெருந்தமனி இறுகுவதால் மேல் அளவு ஏறிக் கீழ் அளவு இறங்குவது பரவலாக நடப்பதே. பரவலாக நடக்கிறது என்பதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம், இன்டபமைடை அடிப்படையாகக் கொண்டு செய்து 2008-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களிடம் மரணங்கள் 21 விழுக்காடு குறைந்ததால், மற்றவர்களுக்கும் மருந்தை மறுப்பது முறையன்று என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் இலக்கு 150/80 மட்டுமே.

உறவினர்களின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதுவும் உயிருக்கே ஆபத்து. ஆகவே அம்மாவுக்கு உட்கார்ந்த நிலையில் அளந்தபின், எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். நின்றபின் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவர் மிக நிதானமாகப் போகவேண்டும். மாத்திரை சிறிய அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கொரு முறை மட்டும் கூட்டப்பட வேண்டும். இரவில் எழுந்திருக்கும்போது கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: வயது 28. பரம்பரையில் யாருக்கும் பிரஷர் இல்லை. எனக்கு 164/106. இது வேலை அழுத்தத்தால்தானே?
– சென்னை வாசகர்

பதில்: வேலையின்மீது பழிபோட்டு நிறுத்திவிடாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலாகத் தனியான காரணம் எதுவும் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 30 வயதுக்குள் இவ்வளவு உயர்ந்திருந்தால், காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், பொட்டாசியம், தைராய்டு, சிறுநீரக ஸ்கேன் ஆகியவற்றோடு இ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும். மருத்துவர் தொடையில் நாடி பார்த்தால் வியப்படையாதீர்கள். பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருந்தால் கையில் அழுத்தம் ஏறியும் காலில் நாடி தளர்ந்தும் இருக்கும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் படபடப்பு, வியர்வை, தலைவலி இருந்தாலும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொல்லியிருந்தாலும், உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுத்த ஊசி அல்லது பொடி எதையாவது எடுத்திருந்தாலும், தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் அப்பாவுக்கு 190/110 இருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வேண்டாம். நிபெடிபின் மாத்திரையை அப்படி நாக்கடியில் பிழிந்துவிட்டு, அழுத்தம் சடாரென்று சரிந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால், அந்த முறையை மருத்துவ உலகம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அளவு 180/120-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். அவற்றில் எதுவும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அன்றைய மாத்திரையை மறந்துவிட்டாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறந்துதான் இருப்பார். மறுநாள் மருத்துவரைக் காட்டினால் போதும்.

மாத்திரை தீர்ந்துபோய் விட்டுப்போகிறது என்பதுதான் காரணம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் அழுத்தத்தை அளந்து, மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்துவிட்டுச் செல்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் வீட்டு நோட்டையும் எடுத்து வைத்திருந்தால், மாத்திரையின் அளவு சரிதானா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.